வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள்

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

பேச்சுப் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் என்ற முறையில்தான் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாத்தனார் என்ற முறையில் இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழிக்கலாம்; கிழிப்பதற்கும் முதலில் பிரிக்க வேண்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். என் மகள் தன் பல்கலைக்கழகத்தின் சமூக சேவைப் பாடத்துக்காக ஒரு பருவம் முழுக்க உங்கள் நிலையத்தில் வேலை செய்தாள். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களோடு உட்கார்ந்தாள், அவர்களைக் கைபிடித்து நடக்க வைத்தாள், எச்சில் துடைத்தாள், டீ குடித்த டம்ளர்களைக் கழுவினாள். வீட்டில் அவள் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. பருவம் முடிந்தது. 'சேவையைத் திருப்திகரமாக முடித்தார்' என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது போனால்தான் அந்தப் பாடத்தில் தேர்ச்சி. தேர்ச்சி இருந்தால்தான் ஜூனில் பட்டம். மே கடைசிக்குள் போகாவிட்டால் கூடப் படித்தவர்கள் மேடை ஏறுவார்கள், இவள் கீழே உட்கார்ந்து கைதட்டுவாள்.

கையெழுத்துப் போட முடியாது என்று மட்டும் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறீர்கள். காரணம் சொல்லவில்லை. உங்கள் நிலையத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குத்தான் பல்கலைக்கழகத்தில் முதல் பரிசு. துணைவேந்தரே மேடையில் நாலு வரி படித்தார். கட்டுரையில் வரும் அந்த பஸ் டிரைவரோடு அவள் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். பரிசு கொடுக்கும் அளவுக்குச் செய்த சேவை, கையெழுத்துக்கு மட்டும் எப்படிக் குறைந்துபோயிற்று?

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அதுதானே என் தொழில். ஆனால் இந்த 'நீங்கள்' எனக்கு வரவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்டவள் நான். அதனால் கேட்கிறேன், உனக்கு என்ன வந்தது? அவள் பேச ஆரம்பித்தபோது 'ரேடியோ' என்று பேர் வைத்தவளே நீதானே? பெற்ற பிள்ளை மாதிரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாயே, பெற்றவள் இப்படிச் செய்வாளா?

உன் அண்ணனிடம் சொன்னேன். "காரணமில்லாம அவ செய்ய மாட்டா" என்றார். அதோடு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். உங்கள் குடும்பமே அப்படித்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வீர்கள்.

பதில் வேண்டும்.

அண்ணி

*

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

போனை வைத்தது மரியாதையில்லைதான். இரண்டு தடவையும் நான் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இது கடிதம் என்பதால் முடிக்கிறேன்.

எங்கள் கூடத்துக் கதவில் ஒரு பலகை இருக்கிறது. 'வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.' நீங்கள் ஒருமுறை வந்தபோது அதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். இங்கே வருகிறவர்களுக்கு அறிவு போகவில்லை, நினைவு போகவில்லை. சொல்ல நினைப்பது உள்ளே முழுசாக இருக்கிறது. வார்த்தை மட்டும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. காத்திருந்தால் பெரும்பாலும் வரும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரம் வேதனையாக இருக்கும். வேதனை தாங்காமல் நாம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவர் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார். அடுத்த தடவை முயற்சிகூடச் செய்ய மாட்டார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அன்பாகச் செய்வது இதைத்தான். எங்கள் வேலையில் பாதி, அந்த அன்பிலிருந்து அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே எடுப்பது. முதல் வாரம் முழுக்க மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. ரேடியோவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் ஹாலில் இருக்கும் படத்தில் நிற்பவருக்கு வலது கை மடங்கிவிட்டது. இனி அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அவர் கேட்டது டிப்போவில் சாவி கொடுக்கும் ஜன்னல் வேலை. எந்த வண்டி என்று கேட்க வேண்டும், சாவியை எடுத்து நீட்ட வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நாலு வார்த்தையை அவரால் பேச முடியுமா என்று போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவக் குழு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். குழுவுக்கு முன்னால் சொல்வதற்காக ஒரே வாக்கியத்தை மாதக்கணக்கில் பழகினார். 'வண்டி ஓட்ட முடியாது. சாவி ஜன்னலில் வேலை பார்க்க முடியும்.' கடைசி வாரத்தில் அவருக்கு அது நன்றாகவே வந்தது. மெதுவாக வந்தது, ஆனால் வந்தது.

ரேடியோ அவரோடு போனாள். என்ன நடந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பரிசுக் கட்டுரையிலேயே இருக்கிறது. என்ன வேலை செய்ய முடியும் என்று அதிகாரி கேட்டார். இவர் 'வண்டி' என்றார், அதோடு நின்றுவிட்டார். அவள் எழுதுகிறாள்: 'அவர் கண்களில் நீர் தளும்பியது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்தேன். குரலற்ற ஒருவருக்குக் குரலானேன்.'

தாங்க முடியாதது யாருக்கு என்று பாருங்கள், அண்ணி.

அருமையாகப் பேசியிருக்கிறாள். உழைப்பாளியின் கண்ணியம், சமூகத்தின் கடமை, எல்லாவற்றையும் பேசியிருக்கிறாள். அதிகாரிகள் அவளுக்குக் கைகொடுத்தார்களாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு முடிவு வந்தது: 'துணையாள் இன்றித் தன் தேவையைச் சொல்ல இயலாதவர். பணிக்குத் தகுதியில்லை.' அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்கள்?

பரிசு விழாவும் அந்த முடிவும் ஒரே வாரத்தில் வந்தன. அழைப்பிதழில் அவர் படம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் இங்கே வருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் எது வேண்டுமென்றாலும் கையைக் காட்டுகிறாராம். தண்ணீருக்குக் கை, கதவுக்குக் கை. "இப்ப வாயே தொறக்கறதில்லீங்க. நாங்களும் கேக்கறதில்ல" என்று அவர் மனைவி சொன்னாள்.

'திருப்திகரமாக முடித்தார்' என்று நான் எந்தக் கையால் எழுத?

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 15

நாத்தனாருக்கு,

அழகாக எழுதியிருக்கிறாய். படித்து முடித்ததும் என் மகளை நானே தூக்கில் போடலாம் என்று தோன்றியது. அப்புறம் தொழில் புத்தி வந்தது. ஒரு தரப்பு இவ்வளவு சுத்தமாகப் பேசினால் நான் எதை விட்டிருக்கிறார்கள் என்று தேடுவேன்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு வாரமாகவே அவள் சரியாகப் பேசுவதில்லை. எது கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். ரேடியோ என்று பேர் வாங்கியவளின் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. ஹாலில் மாட்டிய படத்தை யார் கழற்றினார்கள் என்று தெரியாமல் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் முகத்தைச் சுவரோடு திருப்பி வைத்திருக்கிறாள். உன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். எல்லாம் சரிதான் என்பது மாதிரி தலையை ஆட்டினாள். விடாமல் கேட்டபோது ஒன்று மட்டும் சொன்னாள்.

"அத்தைதான் அவரோட வர்றதா இருந்துச்சு. கடைசி நேரத்துல என்னை அனுப்பிட்டாங்க."

இதை ஏன் எழுதவில்லை? குழுவுக்கு முன்னால் போக வேண்டியவள் நீ. பயிற்சி கொடுத்தவள் நீ. பேசத் தடுமாறினால் என்ன செய்ய வேண்டும், அதிகாரி அவசரப்படுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவள் நீ. அன்றைக்கு எங்கே இருந்தாய்? அதையும் அவளிடமிருந்து பிடுங்கினேன். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் உன் நிலையத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அடுத்த வருஷமும் மாணவர்களை அனுப்புவதற்கு ஒப்பந்தம். நீ அவர்களைக் கூடம் கூடமாகக் கூட்டிக்கொண்டு போய், மாணவர் சேவை எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாய். அதே நேரத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி தன்னந்தனியாக உன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவள் சொதப்பினாள், சரி. யாருடைய வேலையைச் சொதப்பினாள்?

இன்னொன்று. எடுத்துக் கொடுக்காதே, எடுத்துக் கொடுக்காதே என்கிறாயே, நான் பிழைப்பதே எடுத்துக் கொடுத்துத்தான். என்னிடம் வருகிறவர்கள் நீதிபதிக்கு முன்னால் நின்றால் சொந்தப் பேரையே மறந்துவிடுவார்கள். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள், புருஷன் கைநீட்டியதால் பிள்ளைகளோடு வெளியே வந்தவள். அவர்களைப் பேச விட்டுவிட்டு நான் காத்துக்கொண்டிருந்தால் தெருவில்தான் நிற்பார்கள். என் மகள் அதைப் பார்த்து வளர்ந்தவள். ஒருத்தர் தவிக்கும்போது எழுந்து பேசுவது பாவமென்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இனியும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.

அவள் வாயை நீ அடைத்துவிட்டாய். அதற்கு யார் கையெழுத்துப் போடுவது?

அண்ணி

*

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னது சரி. நான் போயிருக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் நீங்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும், பிடித்துக்கொண்டீர்கள்.

வந்தவர்களில் ஒருவர் எங்கள் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு மேடம்" என்றார். அந்த நேரத்தில்தான் அங்கே நம் பெண் எழுந்து நின்றிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்மேல்தான் அதிகம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்களுடைய பாடத்திட்டத்தில் இதற்குப் பேர் 'சேவை வழிக் கற்றல்'. கற்கிறார்கள், மறுக்கவில்லை. யார்மேல் கற்கிறார்கள்? முடிவெட்டக் கற்றுக்கொள்கிறவன் கத்தரியை எங்கேயாவது கோணலாக வைத்தால் முடி திரும்ப வளர்ந்துவிடும். பருவம் முடிந்ததும் இவர்கள் ஒரு கட்டுரை எழுதுகிறார்கள், 'நான் என்ன கற்றேன்' என்று. இங்கே இருப்பவர்களிடம், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கட்டுரை கேட்பதில்லை. கேட்டாலும் அவர்களால் எழுத முடியாது என்பது வேறு விஷயம். பேராசிரியர் இங்கே நேரிலேயே வந்தார். தவறும் கற்றலின் ஒரு பகுதிதானே, அதையும் அவள் கட்டுரையில் சேர்த்து எழுதினால் போகிறது என்றார். அவர் குடித்த டீ டம்ளரை அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மாணவர்கள் யாரும் இல்லை, நான்தான் கழுவினேன்.

அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அது என்னளவில்.

குழுவுக்கு மேல்முறையீடு எழுதினேன். மறுபடி பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள், மே பதினான்கு. டிரைவர் வருவாரா என்று முதலில் தெரியவில்லை. இப்போது வருகிறார். அவரைத் திரும்ப இங்கே கொண்டுவந்தது நான் இல்லை. உங்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது: ரேடியோ சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்குப் போகிறாள். முதல் தடவை அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாராம். இவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவை அவர் திரும்பி, "போ" என்று சொன்னாராம். அவர் மனைவி அழுதுவிட்டாள். முடிவு வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. இவள் போகவில்லை. திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கு அவருக்கு நிறைய வார்த்தைகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். என் பயிற்சியில் இந்த முறை கிடையாது.

கையெழுத்து விஷயம். நீங்கள் எழுதினீர்கள். அண்ணன் போன் செய்தார். பேராசிரியர் வந்தார். கேட்க வேண்டியவள் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்கட்டும். பதிலை அவளிடமே சொல்கிறேன்.

நாத்தனார்

*

ஏப்ரல் 27

நாத்தனாருக்கு,

லைப்ரரி என்று சொல்லிவிட்டு என் மகள் யாரோ ஒருவர் வீட்டில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரிய உன் கடிதம் வர வேண்டியிருக்கிறது. உனக்கு நன்றி சொல்வதா, நாலு கேள்வி கேட்பதா என்று தெரியவில்லை. கேள்விதான் முதலில் வருகிறது. அவள் கேட்கட்டும் என்கிறாயே, இப்போது எங்கள் குடும்பத்தில் யார் என்ன பேசலாம் என்று நீதான் தீர்மானிக்கிறாயா?

உன் அண்ணன் இதைப் படித்துவிட்டு, "உங்கிட்ட சொல்ல வந்திருப்பா. நீ முடிச்சிருப்ப" என்றார். பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டே. அந்த மனுஷனோடு நான் இரண்டு நாளாகப் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஒன்று செய்கிறேன். மே பதினான்கு அன்று அந்த டிரைவருக்காக நான் ஆஜராகிறேன். ஒரு பைசா வேண்டாம். அவர்களுடைய முடிவே சட்டப்படி நிற்காது. ஐந்து நிமிஷத்தில் குழுவை வாயடைக்க வைக்கிறேன், வேலையை வாங்கிக் கொடுக்கிறேன். அவருக்கு வேலை கிடைத்துவிட்டால் என் மகள்மேல் சொல்ல உன்னிடம் ஒன்றும் இருக்காது. கையெழுத்துப் போடு, விஷயம் முடிந்தது.

அவரிடம் கேட்டுச் சொல்.

அண்ணி

*

மே 2

அண்ணிக்கு,

கேட்டேன். உங்கள் கடிதத்தை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். வாயடைக்க வைப்பதைப் பற்றிய வரியில் சிரித்தார்.

பிறகு சொன்னார். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுத மாட்டேன், உங்களுக்குப் பொறுமை இருக்காது.

"வக்கீல்... வேணாம். நான்."

அவ்வளவுதான் பதில். நான் எதையும் சேர்க்கவில்லை.

நீங்கள் ஐந்து நிமிஷத்தில் ஜெயித்துவிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன தடவை உங்கள் பெண்ணும் ஜெயித்துவிட்டுத்தான் வந்தாள். சட்டப்படி வேலை வாங்கிக் கொடுத்தால் அவர் அந்த ஜன்னலில் உட்காருவார். அடுத்த நாளே ஒருத்தன் வந்து, இவருக்குப் பேச வராது, ஆள் வைத்து வாங்கிய வேலை என்பான். ஜன்னலில் நீங்களா உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறீர்கள்?

வராதீர்கள். வந்தே தீருவேன் என்றால், வெளியே வராந்தாவில் பெஞ்ச் இருக்கிறது. என் பக்கத்தில் உட்காரலாம். உள்ளே ஒருவருக்குத்தான் துணைக்கு அனுமதி. அது யார் என்று அவரே சொல்லிவிட்டார். நான் இல்லை. எனக்கும் அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

நாத்தனார்

*

மே 20

நாத்தனாருக்கு,

அன்றைக்கு பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்த வராந்தாவே அதிர்ந்திருக்கும். அதனால் இப்போது எழுதுகிறேன்.

உள்ளே மின்விசிறி ஓடாததால் கதவைத் திறந்து வைத்தார்களே, அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது. நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

டிரைவர் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். இவள் அவருக்குக் கொஞ்சம் பின்னால், மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே அதிகாரி, அதே கேள்வி. அவர் 'வண்டி' என்றார். நின்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாக்கியம் உன் கடிதத்தில் இருந்ததுதானே, எனக்கே மனப்பாடம். ஓட்ட முடியாது, ஓட்ட முடியாது என்று என் உதடு அசைகிறது. என் மணிக்கட்டை நீ பிடித்தாய். பிடித்தாய் என்ன, நகம் பதிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? அவரை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லிடேம்மா. போன தடவ நல்லா சொன்னியே."

எனக்குத் தெரிந்த என் மகள் அந்த இடத்தில் எழுந்திருப்பாள். அவளை வளர்த்தவள் நான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவரையே கேளுங்க சார். நான் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்தவ" என்றாள்.

அப்புறம் அந்த அறையில் யாரும் பேசவில்லை. கோர்ட்டில் அப்படி ஒரு மௌனம் வந்தால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருத்தர் பேனாவை மூடினார். டிரைவர் கழுத்து நரம்பு புடைத்தது. நான் உன்னை மனசுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். இது பயிற்சியா, சித்திரவதையா என்று. அந்த மனுஷன் நிமிர்ந்து பேனாவை மூடியவரைப் பார்த்தார். பழகி வைத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"லேட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வரும்."

பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி. பேனாவை மூடியவர்தான் முதலில் சிரித்தார். மறுபடி பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு இவருக்கு 'சாவி' வந்தது, 'ஜன்னல்' வந்தது, 'முடியும்' கடைசியில் வந்தது. நடுவில் தண்ணீர் கேட்டார். கையைக் காட்டவில்லை, வாயால் கேட்டார்.

நேற்று டிரைவர் வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டதாம், ஆறு மாதம் ஜன்னலில் வைத்துப் பார்ப்பார்களாம். உனக்குத் தெரிந்திருக்கும். உனக்குத்தான் எல்லாம் முதலில் தெரியுமே.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. நேற்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, அந்த கையெழுத்து" என்றாள். அதோடு நிறுத்தினாள். உடனே நான், நாளைக்கே போய் அத்தையிடம் கேள், இப்போது அவள் மறுக்க முடியாது என்று ஆரம்பித்துவிட்டேன். இவள் எழுந்து போகவில்லை. கோபப்படவும் இல்லை. நான் முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உன் நிலையத்தில் கற்றுக்கொண்ட பார்வை அது. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நான் நிறுத்திவிட்டேன். ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். நடுவில் இரண்டு தடவை என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"அத்தைகிட்ட கையெழுத்து போட வேணாம்னு சொல்லப்போறேன்" என்றாள். "அந்த பருவத்துல நான் செஞ்சது திருப்தியா இல்லம்மா. திரும்ப எடுக்கறேன். ஜூலைல."

பட்டம் தள்ளிப்போகும். கூடப் படித்தவர்கள் எல்லாம் மேடை ஏறுவார்கள். இந்தக் கதையை உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன். பரிசையும் திருப்பிக் கொடுக்கப்போகிறாளாம். பேராசிரியருக்கு அவளே எழுதிவிட்டாள், என்னிடம் காட்டவில்லை. ஒரு வக்கீலின் மகள், பிழை திருத்தக்கூட என்னிடம் காட்டவில்லை. ஹாலில் இருந்த படத்தையும் உருவி எடுத்துவிட்டாள்; அந்தக் காலிச் சட்டத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அவருக்கு ஜன்னலில் மாட்ட முருகன் படமோ, இயேசு படமோ ஏதாவது வேண்டியிருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். சிரித்தேன் என்று நினைக்காதே.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். பல்கலைக்கழகத்தின்மேல் கோபம். அன்றைக்கு அவளைத் தனியாக அனுப்பியதை நான் மறக்கப்போவதில்லை, நீயும் மறக்காதே. ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ள என் மகளுக்கு அரை வருஷம் போகிறது, அவருக்கு இன்னும் அதிகமாகப் போயிற்று. இதில் லாபம் பார்த்தவர்கள் துணைவேந்தரோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் மட்டும்தான். அந்தப் படத்தில் நானும் ஓர் ஓரத்தில் நிற்கிறேன் என்று நீ சொல்வாய். சொல்லாதே.

அவள் சனிக்கிழமை உன்னிடம் வருவாள். அவள் சொல்லும்போது, எனக்குத் தெரியும், உங்க அம்மா எழுதிட்டா என்று நீ முந்திக்கொள்ளாதே. ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திரு. அவள் சொல்லட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். போன் செய். முதலில் நீ பேசு. நான் நடுவில் வராமல் இருக்கப் பார்க்கிறேன். சத்தியமெல்லாம் செய்ய முடியாது.

அண்ணி